மறு: "சராசரி வாசகம்" – இந்தச் சொல்லை இனியும் வைத்திருக்க வேண்டுமா?

வணக்கம் அண்ணே, குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்.

ஹட்டன் அண்ணே கேட்டது சின்னக் கேள்விதான். வீட்டில் வைத்திருக்கும் தபால் முத்திரைச் சேகரிப்புக்குக் காப்புறுதி எடுக்கப் போனால், பத்திரத்தில் "சராசரி வாசகத்துக்கு உட்பட்டது" (ஆங்கிலத்தில் 'ஆவரேஜ் க்ளோஸ்') என்று ஒரு வரி இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம், வேறு நல்ல தமிழ் இல்லையா என்று கேட்டார். அதற்குள் மாற்றுச் சொல் யோசனைகளோடு மடல்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்குப் போகுமுன் அந்த வரி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் வந்த யோசனைகளில் பாதி அதைப் பார்க்காமல் ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்துச் செய்தவை. அண்ணேயின் சேகரிப்பு இன்றைய விலைக்கு 20 இலட்சம் பெறும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அவர் 5 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்கிறார். அறையில் தீப்பிடித்து, 4 இலட்சம் பெறுமதியான ஆல்பங்கள் எரிந்துபோகின்றன. 5 இலட்சம் வரை காப்பு இருக்கிறதே, 4 இலட்சமும் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். வராது. 20இல் 5, அதாவது காற்பங்குக்குத்தான் கட்டுப்பணம் கட்டியிருக்கிறீர்கள், ஆகவே இழப்பிலும் காற்பங்கு, 1 இலட்சம்தான். மீதி 3 இலட்சத்துக்கு நீங்களே உங்களுக்குக் காப்புறுதிக்காரர் என்பது அந்த வரியின் வாதம். மொத்தமும் எரிந்தால் 5 இலட்சமும் முழுசாகக் கிடைக்கும், அது வேறு. கடிப்பது பாதி போய்ப் பாதி மிஞ்சும்போதுதான், வீட்டில் நடப்பதும் பெரும்பாலும் அதுதான்.

சரி, இதில் சராசரி எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை. ஆங்கிலத்தில் 'ஆவரேஜ்' என்பது முதலில் கப்பல்காரர்களின் சொல். சரக்குக்கு வந்த சேதத்தைக் குறித்த 'அவார்' என்ற அரபுச் சொல் இத்தாலியத் துறைமுகங்களில் 'அவாரியா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலரது சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த நட்டத்தைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்களும் அவரவர் பெறுமதிக்கு ஏற்பப் பிரித்துச் சுமப்பார்கள். அந்தப் பிரிப்பிலிருந்துதான் கணக்குப் பாடத்து 'ஆவரேஜ்' பிற்பாடு பிறந்தது. காப்புறுதிப் பத்திரத்தில் நிற்பது பழைய பொருள். நாம் புதிய பொருளைத் தமிழாக்கிப் பழைய இடத்தில் ஒட்டிவிட்டோம். விளைவு என்னவென்றால், "சராசரி" என்று வாசிக்கிறவர் "ஆகக் கூடிய விலையும் தராமல் ஆகக் குறைந்த விலையும் தராமல் நடுவாக ஒன்று தருவார்கள்போல" என்று நினைத்துக் கையெழுத்து வைக்கிறார். இப்படி விளங்கிக்கொண்ட ஆட்களை எனக்கே தெரியும், படித்த ஆட்கள்தான்.

பதுளை சேர் சொன்னது: "உயர்தரக் கணக்கீட்டில் பிள்ளைகள் 'சராசரி வாசகம்' என்று படித்துப் பழகிவிட்டார்கள், மாற்றினால் குழப்பம்." சேர், உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் பிள்ளைக்கு அந்தச் சொல்லோடு சூத்திரமும் சேர்த்துச் சொல்லித் தருகிறீர்கள், பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறவருக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? பாடநூலில் பழைய சொல், புதிய சொல் இரண்டையும் போட்டால் போயிற்று.

கொழும்புத் தம்பி "விகிதாசார வாசகம்" என்றார். கணக்கு சரி. ஆனால் இலங்கையில் விகிதாசாரம் என்றாலே தேர்தல் ஞாபகம்தான் வரும், அது ஒருபக்கம் இருக்க, எதற்கு எது விகிதம், யார் தலையில் விழுகிறது என்று அந்தச் சொல் மூச்சே விடவில்லை. சென்னையிலிருந்து எழுதிய நண்பர் "காப்பீட்டு விகிதக் குறைப்பு" என்று தந்தார், அதில் 'குறைப்பு' நல்லது. ஆனால் எங்கள் பக்கம் காப்புறுதி, பெறுமதி என்றுதான் எல்லாப் பத்திரமும் ஓடுகிறது, காப்பீடு, மதிப்பு என்று போட்டால் வேறு நிறுவனத்துக் கடிதம்போல் இருக்கும். கோபிக்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கொட்டகலைத் தங்கச்சியின் "தன்பங்கு". சின்னச் சொல், வாயில் நிற்கும், நட்டத்தில் உன் பங்கு உனக்கு என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு இழப்பிலும் முதல் இத்தனை ஆயிரம் உங்கள் பொறுப்பு என்று தனியாக ஒரு தொகையைக் கழிப்பார்கள் அல்லவா, 'எக்சஸ்' என்பது, அதுவும் தன்பங்குதான். நூறுக்கு நூறு சரியாகக் காப்புறுதி செய்தவருக்கும் அந்தக் கழிவு உண்டு. இரண்டும் ஒரே பெயரில் நின்றால் கவுண்டரில் இருக்கும் பிள்ளையே தடுமாறும்.

அதனால் என் யோசனை: குறைக்காப்புப் பங்கு. குறைமாதம், குறைப்பிரசவம் என்று சொல்கிற நாட்டில் குறைக்காப்பு யாருக்கும் விளங்கும். பெறுமதியைவிடக் குறைத்துக் காப்புறுதி செய்ததால் உன் தலையில் விழும் பங்கு, அவ்வளவுதான். "இப்பத்திரம் குறைக்காப்புப் பங்குக்கு உட்பட்டது" என்று போட்டுப் பாருங்கள். வாசிப்பவர் உடனே கேட்பார், "அப்போ எனக்குக் குறைக்காப்பு இருக்கா?" என்று. கையெழுத்துக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி அதுதான், "சராசரி" அதைக் கேட்கவே விடாது. எக்சஸுக்கு "முதற்கழிவு" போதும்.

சேகரிப்பாளர்களுக்கு இது ஏன் மற்றவர்களைவிட அதிகம் கடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தளபாடம் வருடத்துக்கு வருடம் விலை இறங்கும், நல்ல பழைய முத்திரை ஏறவும் கூடும். 1857இல் வந்த இலங்கையின் முதல் முத்திரை, 1859இன் நாலு பென்ஸ் ரோசாநிறம், இவற்றுக்கெல்லாம் ஆட்கள் பார்க்கும் ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் விலைப்பட்டியல் பிரித்தானியப் பவுணில் இருக்கிறது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள், டொலர் 200 ரூபாய் அளவில் இருந்து சில வாரங்களில் 360 பக்கம் போனது, பவுணும் கூடவே ஏறியது. 2021இல் சரியான தொகைக்கு ரூபாயில் காப்புறுதி எடுத்தவர் ஒரு முத்திரைகூடப் புதிதாக வாங்காமலே குறைக்காப்பில் விழுந்துவிட்டார். ஆல்பம் அதே அலுமாரியில்தான் இருந்தது. (விலைப்பட்டியல் விலை கடைக்காரர் நல்ல நிலையில் உள்ள முத்திரைக்குக் கேட்கும் விலை, நாம் விற்றால் கிடைப்பது வேறு. எதை வைத்துப் பெறுமதி போடப்போகிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.)

இதற்குப் பரிகாரமாக ஒருவகைப் பத்திரம் உண்டு. ஆரம்பத்திலேயே இந்தப் பொருளுக்கு இந்தப் பெறுமதி என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டு இணைப்புப் பட்டியலில் எழுதிவிடுவார்கள், பிறகு அந்தப் பெறுமதியில் தகராறு இல்லை, மோசடி இருந்தாலொழிய. இதை "இணங்கிய பெறுமதி" என்போம். "உடன்பட்ட" என்பதும் சரிதான், எனக்குச் சண்டை இல்லை.

அண்ணேக்கு நேரடியாகச் சில விஷயம். வீட்டுச் சாமான்கள் என்று பொதுவாகப் போட்டுவிட்டு முத்திரையும் அதற்குள் அடங்கும் என்று இருந்துவிடாதீர்கள். தீக் காப்புறுதியில் வழக்கமாக வரும் விலக்குப் பட்டியலில் முத்திரை, நாணயம், கையெழுத்துப் பிரதி எல்லாம் வெடிபொருளோடு ஒரே வரிசையில் நிற்கும், தனியாகக் குறிப்பிட்டு எழுதாவிட்டால் காப்பு இல்லை. உங்களிடம் இருக்கும் கோப்பித் தோட்டத்து டோக்கன்களும், தோட்டத்துக்கு வந்த தொழிலாளியின் இலக்கம் அடித்துக் கழுத்தில் மாட்டி அனுப்பிய அந்தத் தகர டிக்கட்டுகளும் எந்தப் பட்டியலுக்குள் வரும் என்று அவர்களுக்கே தெரியாது. ஒவ்வொன்றையும் இருபுறமும் படமெடுத்து, இலக்கமும் தோட்டத்துக் குறியும் தெரிகிற மாதிரி, பட்டியலோடு இணையுங்கள். படத்தின் பிரதி ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

அப்புறம் ஈரம். நம் ஊரில் தீயைவிட மூடுபனிதான் எதிரி. பசை பூசிய பழைய முத்திரை ஆனி ஆடி மழைக்கு ஆல்பத் தாளோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தால் பசை தாளில் நிற்கும், தாளில் பழுப்புப் புள்ளி விழும், மிஞ்சியதை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் மெல்ல மெல்ல வரும் சிதைவு, திடீர் விபத்து இல்லை என்று எந்தப் பத்திரமும் விலக்கிவைக்கும், என்ன சொல் ஆக்கினாலும் காசு வராது. சிலிக்கா ஜெல் வாங்கிப் போடுங்கள். மண்சரிவு அப்படி இல்லை, அது திடீர் அனர்த்தம், ஆனால் தீக் காப்புறுதியோடு தானாக வரும் என்று நினைக்காமல் கேட்டுச் சேர்க்க வேண்டும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொருவர் தனிமடலில் கேட்டார், தோட்டத்து லயன் வீட்டில் இருக்கிறோம், வீட்டுக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) கிடையாது, எங்களுக்குக் காப்புறுதி தருவார்களா என்று. கட்டடத்துக்குத்தான் அந்தச் சிக்கல். ஆல்பம் உங்களுடையது, அது அழிந்தால் நட்டம் உங்களுக்கு, ஆகவே அதைக் காப்புறுதி செய்ய உறுதி தேவையில்லை. கூரை, சுவர், பூட்டு பற்றிக் கேட்பார்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், மறைத்தால் பிறகு அதையே பிடித்துக்கொண்டு மறுப்பார்கள்.

குறைக்காப்புப் பங்கு, முதற்கழிவு, இணங்கிய பெறுமதி. மூன்றுக்கும் ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் பதுளை சேரின் சொற்பட்டியலில் "சராசரி வாசகம்" பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் முதலாவதையாவது ஏற்றிவிடலாம். சேர் சம்மதிப்பாரா தெரியாது.