பால் மறந்த பன்றிக்குட்டிக்குக் கழிச்சல்: புரோபயாடிக் எப்போது, எவ்வளவு?

கேள்வி:
யார்க்‌ஷயர் கலப்புக் குட்டிகள். 35ஆம் நாள் தாயிடமிருந்து பிரிக்கிறோம். நாலைந்து நாளில் தண்ணியாகக் கழிகிறது, வாலடி ஈரமாகி வயிறு ஒட்டிவிடுகிறது. கழிச்சல் கண்டதும் குடிநீரில் லாக்டோபேசில்லஸ் என்ற புரோபயாடிக் (குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்) பவுடர் கலந்து கொடுத்தும் நிற்கவில்லை. தண்ணீர் பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டியிலிருந்து வருகிறது. தீவனத்தில் புரதம் 22 சதவீதம். எங்கே தவறு?

பதில் 1:
முதல் தவறு தண்ணீர். குளோரின் லாக்டோபேசில்லஸைத் தொட்டியிலேயே கொன்றுவிடும். இரண்டாவது, நேரம். பால் நின்றதும் அதிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் நிற்கிறது. அதை உண்டு லாக்டிக் அமிலம் தந்த நல்ல பாக்டீரியா குறைகிறது. குட்டியின் இரைப்பையிலும் அமிலம் இன்னும் போதாது. அந்தச் சமயம் பார்த்து ஈ.கோலை என்ற கெட்ட பாக்டீரியா குடல்சுவரில் ஒட்டி நஞ்சைச் சுரக்கிறது. அது ஒட்டிய பிறகு புரோபயாடிக் கொடுத்துப் பெரிய பயன் இல்லை. முன்கூட்டியே போய் இடம்பிடிக்க வேண்டும்.

பிரிப்பதற்குப் 10 நாள் முன்பே கிரீப் தீவனத்தில் (பால் குடிக்கும்போதே குட்டிக்குத் தனியாக வைக்கும் தீவனம்) தொடங்குங்கள், பிரித்தபின் 2 முதல் 3 வாரம் விடாமல் கொடுங்கள். பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியா வகை புரோபயாடிக் வாங்குங்கள். வித்து வடிவில் இருப்பதால் தீவனத்தைக் குச்சியாக (பெல்லட்) அழுத்தும்போது வரும் சூட்டையும் தாங்கும், லாக்டோபேசில்லஸ் தாங்காது. கிலோ தீவனத்துக்கு 100 கோடி உயிரணு என்பது வழக்கமான இலக்கு. லேபிளில் கிராமுக்கு 1000 கோடி என்றிருந்தால் 100 கிலோவுக்கு 10 கிராம் போதும். அந்த 10 கிராமை நேராகக் கொட்டாதீர்கள். முதலில் 1 கிலோ மக்காச்சோள மாவில், பிறகு 10 கிலோ தீவனத்தில், கடைசியில் முழுவதிலும் கலக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு குட்டிக்கு எல்லாம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை.

பதில் 2:
அந்த 22 சதவீதத்தை விட்டுவிட்டு எந்த பவுடர் போட்டாலும் வீண். செரிக்காத சோயா புரதம் பெருங்குடலில் அழுகி, கெட்ட பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. 18க்கு இறக்குங்கள், ஆனால் லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்க்காவிட்டால் வளர்ச்சி அடிபடும். சுண்ணாம்புத்தூளையும் குறையுங்கள், அது வயிற்று அமிலத்தை முறித்துவிடும். கொட்டில் 28 டிகிரிக்குக் கீழே போனாலும், ஈரத்தரையில் படுத்தாலும் கழிச்சல் தானாக வரும்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. செலவு குறைக்கத் தயிர் கொடுக்கலாமா?

பதில் 1:
கொடுக்கலாம், ஆனால் தயிரில் எத்தனை உயிரணு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பன்றிக் குடலில் அது தங்குவதும் அரிது. தயிரின் புளிப்பு, தீவனத்தின் அமிலத்தன்மையைக் கூட்டும், அந்த அளவுக்கு நல்லது. தயிரில் நனைத்த தீவனம் தொட்டியில் மிச்சமிருந்தால் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் கெட்டு, அதுவே கழிச்சலைக் கிளப்பும். ஒரே வேளையில் தின்று தீர்க்கும் அளவே வையுங்கள்.

பதில் 3 (கால்நடை மருத்துவர்):
கழிச்சல் ஆரம்பித்த குட்டிக்கு முதல் மருந்து நீர்தான். 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்துத் தனித்தொட்டியில் எந்நேரமும் வையுங்கள். ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் லாக்டோபேசில்லஸ் செத்துப்போகும். ஈஸ்ட் வகை புரோபயாடிக் பிழைக்கும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கேட்டு வாங்காதீர்கள், உணவுக் கால்நடைகளுக்கு அதை இந்தியா 2019இலேயே தடைசெய்துவிட்டது. கண்ணிமை வீங்கி, குட்டி தள்ளாடி நடந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ புரோபயாடிக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரை வரவழையுங்கள்.