எலெக்ட்ரிக் சைக்கிள் ஹாண்டிலில் ஓன்-ஓஃப் சுவிட்ச்: எந்த வயரில் போடுவது?

காலிவீதிச் சைக்கிள் (வெள்ளவத்தை):
48 வோல்ட் லிதியம் பற்றரி, சில்லுக்குள்ள இருக்கிற 500 வாட் ஹப் மோட்டார், டிஸ்பிளே இல்லாத கொன்ட்ரோலர் (மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுற பெட்டி). ஓன்-ஓஃப் பண்ற திறப்பு (சாவி) பற்றரிப் பெட்டியின் பக்கத்தில, முழங்கால் முட்டுற இடத்தில இருக்கு. ஒவ்வொருக்காலும் குனிஞ்சு திருப்பாமல் ஹாண்டிலிலேயே ஓஃப் பண்ணோணும். பற்றரியிலயிருந்து வாற தடிச்ச சிவப்பு வயரை வெட்டி, இடையில 250 வோல்ட் 16 அம்பியர் ரொக்கர் சுவிட்ச் ஒண்டு போட்டாக் காணுமோ? கொன்ட்ரோலரில 22 அம்பியர் எண்டு அடிச்சிருக்கு. மழைக்கும் தாங்கோணும்.

கொட்டாஞ்சேனை வயரிங்:
தடித்த வயரில கை வைக்காதீங்க. அந்த 250 வோல்ட் ஏசிக்கான கணக்கு. வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்துக்கு வந்து போறதால சுவிட்சுக்குள்ள பிடிக்கிற பொறி தானா அணையும். பற்றரியில வாற டிசியில அணையாது, எரிஞ்சுகொண்டே இருக்கும். அந்தச் சுவிட்சுகளில டிசி கணக்கு போட்டிருந்தா, பெரும்பாலும் 30 வோல்ட்டுக்குத்தான் இருக்கும். உங்க பற்றரி முழுச் சார்ஜில 54.6.

ஓன் பண்ணும்போதும் சிக்கல் இருக்கு. கொன்ட்ரோலருக்குள்ள இருக்கிற பெரிய கப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில கரண்டை இழுக்கும். கொஞ்ச நாளில தொடுமுனைகள் ஒட்டிப்போய், சுவிட்சை ஓஃப் பக்கம் தட்டினாலும் சைக்கிள் ஓனிலேயே நிக்கும். ஓடிக்கொண்டு இருக்கும்போது மெயினை, அதாவது தடித்த வயரை, வெட்டினா இன்னும் மோசம். மோட்டார் சுருளில இருக்கிற கரண்ட் திரும்பிப் போக வழியில்லாம வோல்ட்டேஜ் ஏறும், கொன்ட்ரோலருக்குள்ள கரண்டை விட்டு விட்டு அனுப்புற மொஸ்ஃபெட் அடிபடலாம்.

நீங்க தேட வேண்டியது கொன்ட்ரோலரிலிருந்து வாற மெல்லிய இக்னிஷன் வயர், அதாவது கொன்ட்ரோலரை ஓன் பண்ணச் சொல்ற வயர். கூடுதலா சிவப்பு இல்லாட்டி ஒரேஞ்ச், ஆனா நிறத்தை நம்பி வெட்டாதீங்க. முதலில திறப்பை ஓஃப் பண்ணிவிட்டு, கொன்ட்ரோலருக்குப் போற தடித்த சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில மல்ட்டிமீற்றரை வச்சுப் பாருங்க. 50 வோல்ட் அளவில காட்டினா, உங்க திறப்பு மெல்லிய வயரை மட்டும்தான் வெட்டுது. வேலை லேசு. ஒன்றும் காட்டாட்டி திறப்பு மெயினையே வெட்டுது. அப்ப கொன்ட்ரோலர் பக்கம் இக்னிஷன் வயர் எங்க தடித்த சிவப்போட பாலம் போட்டிருக்கு என்று தேட வேணும்.

பிறகு அந்த மெல்லிய இணைப்பைக் கழற்றி, மீற்றரை இடையில வச்சுக் கரண்டை அளங்க. சிவப்பு முனை 10 அம்பியர் துவாரத்தில இருக்கட்டும். மில்லி அம்பியர் துவாரத்தில வச்சா முதல் இழுப்பிலேயே மீற்றரின் ஃபியூஸ் போகலாம்.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:
சுவிட்சைப் பற்றி மட்டும் சொல்றேன். ஹாண்டிலில பூட்டுற மோட்டார் சைக்கிள் கில் சுவிட்ச் (எஞ்சினை நிப்பாட்டுற சுவிட்ச்) பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில கேளுங்க. 22 மில்லிமீற்றர் பிடி. அமத்திக் கையை எடுத்தாலும் அமந்தபடி நிக்கிற வகையா என்று கடையிலேயே அமத்திப் பாருங்க. ஹோர்ன் பட்டன் கையை எடுத்தா விட்டுரும், சரிவராது. உள்ளுக்கு லைட் உள்ள சுவிட்ச் வேணாம். அது 12 வோல்ட்டுக்கானது, 54இல எரிஞ்சு போகும். லைட் கட்டாயம் வேணும் என்றா வெறும் எல்ஈடி ஒன்றை 10 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டரோட போடுங்க. 5 மில்லி அம்பியர் அளவில ஓடும், கண்ணுக்குப் போதும்.

இரண்டு கோர் வயர், ஃபியூஸ் ஹோல்டர், சூடாக்கினா சுருங்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில எடுக்கலாம். வயர் 0.5 சதுர மில்லிமீற்றர் காணும்.

மழையைவிட உங்க பக்கம் கடற்காத்துத்தான் பிரச்சினை. உப்பு ஈரம் உள்ளுக்குப் போனா, 50 வோல்ட் நிக்கிற முனை பச்சை பூத்து நூலாத் தேஞ்சு போகும். வயர் வெளியே வாற ஓட்டை கீழ்நோக்கி இருக்கட்டும். சிலிக்கன் பூசுறதா இருந்தா வினாகிரி மணக்கிற வகை வேணாம். அந்த அமிலமே செம்பை அரிக்கும். மணமில்லாத, நியூட்ரல் என்று போட்டிருக்கிறதை எடுங்க.

காலிவீதிச் சைக்கிள்:
அளந்து பாத்தன். திறப்பு ஓஃப், தடிச்ச வயரில 53.2 வோல்ட். மெல்லிய வயரில 0.04 அம்பியர். இனித் திறப்பைக் கழற்றி எறியலாமோ?

கொட்டாஞ்சேனை வயரிங்:
வேணாம். 40 மில்லி அம்பியர்தான், எந்தச் சின்னச் சுவிட்சும் தாங்கும். ஆனா ஹாண்டில் சுவிட்சைத் திறப்போட தொடராப் போடுங்க: பற்றரி பிளஸ், 1 அம்பியர் ஃபியூஸ், திறப்பு, ஹாண்டில் சுவிட்ச், இக்னிஷன் வயர். திறப்புக்குக் குறுக்கே சமாந்தரமாக் கொடுத்தா, திறப்பு இல்லாமலே யாரும் ஹாண்டிலில தட்டி ஓட்டிக்கொண்டு போகலாம்.

ஃபியூஸ் பற்றரி முனையிலதான் இருக்க வேணும். வயர் தேயிற இடம் ஹாண்டில் திரும்புற கழுத்துப் பக்கம். அங்க உரசி ஃபிரேமில முட்டினா, ஃபியூஸ் அதுக்கு முன்னால இருந்தாத்தான் காப்பாற்றும். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பார்த்து, தளர்வு விட்டுக் கட்டுங்க. கம்பனி வயரை வெட்டாம, ஆண்-பெண் கனெக்டர் வச்சா பிழைச்சாலும் பழையபடி சொருகலாம். வேலை தொடங்க முதல் பற்றரியைக் கழற்றி வையுங்க.

முடிச்ச பிறகு பின்சில்லைத் தூக்கி வச்சு ஒரு சோதனை: சுவிட்ச் ஓஃப், த்ரொட்டிலை (வேகம் கூட்டுற கைப்பிடியை) திருகிப் பிடிச்சபடி ஓன் பண்ணுங்க. சில கொன்ட்ரோலர்கள் த்ரொட்டிலை விட்டுப் பிடிக்கும்வரை அசையாது. சிலது உடனே பாயும். உங்களுடையது பாயிற வகை என்றா, சுவிட்சை த்ரொட்டில் இல்லாத இடது பக்கத்துக்கு மாத்துங்க, ஓன் பண்ணும்போது பிரேக்கில கை இருக்கட்டும்.