லெய் யூ முன்னில் மீன் வாங்கிச் சாப்பிட்டவர்கள் உதவுங்கள்

அடுத்த மாதம் அப்பா அம்மாவுடன் ஹாங்காங் போகிறேன். யாவ் டோங் மெட்ரோவில் இறங்கி நடந்து, லெய் யூ முன் கடலுணவுக் கடைகளில் ஒரு நாள் இரவு சாப்பிட ஆசை. அங்கே தொட்டியில் நீந்தும் மீனையும் இறாலையும் நாமே வாங்கி, உணவகத்தில் கூலி கொடுத்துச் சமைக்கச் சொல்லலாமாம். விலை கேட்டி கணக்கில், அதாவது சுமார் 605 கிராமுக்கு.

எடை போடும் முன்பே மொத்த விலையைப் பேசிவிட முடியுமா? சமையல் கூலி எடைக்கா, உருப்படிக்கா?

அம்மா பன்றிக்கொழுப்பைத் தொடமாட்டார். கடையில் காட்ட, அதைச் சீன எழுத்தில் யாராவது எழுதித் தருவீர்களா? இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு ஆவியில் வேகவைத்த மீன் என்றால் அவருக்குச் சரி. அப்பாதான் சிக்கல், காரம் இல்லாமல் இறங்காது. பூண்டும் மிளகாயும் அள்ளிப்போட்டு வறுக்கும் நண்டு அங்கே கிடைக்குமா? மூன்று பேருக்கு எத்தனை கேட்டி போதும்?