ஜே/24 படகுக்கு நிழல் விதானம்: தளத்தில் துளையிடாமல் பொருத்த வழி உண்டா?

வணக்கம். சென்னைத் துறைமுகத்துக்குள் கட்டியிருக்கும் என் ஜே/24 (24 அடி நீளப்) பாய்மரப் படகின் காக்பிட்டுக்கு, அதாவது பின்பகுதியில் திறந்தவெளியில் உட்காரும் இடத்துக்கு, நிழல் விதானம் அமைக்க மார்ச் முதல் போராடுகிறேன். மூன்று முறையும் தோல்விதான். படகு நிற்கும்போது மட்டும் விரித்தால் போதும். பாய் ஏற்றும்போது மடக்கிவிடுவேன். ஞாயிறுதோறும் உடன் வரும் அப்பாவுக்கு 70 வயதாகிறது. கத்திரி வெயிலில் ஃபைபர் இருக்கை கொதிக்கிறது. அவரை அதில் உட்கார வைக்க மனம் வரவில்லை.

முதலில் பாரிமுனையில் வாங்கிய தார்ப்பாயைப் பூமின் (பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைமட்டக் கம்பம்) மேல் போட்டு, இருபுறமும் பாதுகாப்புக் கம்பிகளில் கட்டினேன். காலையில் அருமையாக நின்றது. பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் காது செவிடாகும்படி படபடத்தது; ஒரு மணி நேரத்துக்குள் நான்கு பித்தளை வளையங்கள் துணியோடு பிய்ந்து வந்தன. நடுவில் பூம் இருப்பதால் குனிந்தேதான் உட்கார வேண்டியிருந்தது. அடுத்துப் பச்சை நிழல்வலை: காற்றுக்கு அசையவில்லை, ஆனால் வெயில் பாதி உள்ளே இறங்கியது. பிறகு பிவிசி குழாய்களை வில்லாக வளைத்துப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் தொய்ந்துவிட்டன.

ஸ்டீல் பட்டறைக்காரர் தளத்தில் துளையிட்டுத் தகடு பதிக்கச் சொல்கிறார். தளத்தின் நடு அடுக்கு பால்சா மரம். துளை வழியே நீர் இறங்கினால் உள்ளேயே உளுத்துவிடும் என்பதால் மறுத்துவிட்டேன். பின்பக்கம் பாய்மரத்தைத் தாங்கும் கம்பியும் குறுக்கே வருகிறது.

பக்கத் தூண்களிலும் பின்புறக் கைப்பிடிக் குழாயிலும் கவ்விகளால் மட்டும் பிடித்து, 15 நாட் (knot; மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகக் காற்றைத் தாங்கும் மடக்குச் சட்டத்தை இந்த அளவுப் படகில் யாராவது பொருத்தியிருக்கிறீர்களா?