சுருக்குப் பை: புதுப்பிப்பு

போன வாரம் கேட்டிருந்தேனே, தங்கை வளைகாப்புக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் சுருக்குப் பை தைக்கிறேன், நாடாவை இழுத்தால் வாய் மூட மாட்டேன் என்கிறது என்று. கோளாறு பிடிபட்டுவிட்டது. நாடா போகும் மடிப்பை அரை அங்குலம்கூட விடாமல் தைத்திருந்தேன்; தடித்த கயிறு அதில் எப்படி நகரும்? பிரித்து, முக்கால் அங்குலமாக மடித்தேன். நாடாவும் ஒன்றுக்கு இரண்டாக, எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஊக்கில் கோத்து விட்டேன். இப்போது கச்சிதமாகச் சுருங்குகிறது.

லைனிங் வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: நைந்த பருத்திக்குக் கட்டாயம் வேண்டும். முதல் பையில் கண்ணாடி வளையல் போட்டுப் பார்த்தேன், தையலோரம் துணியே கிழிந்தது. சாயமா? இருபது வருடம் துவைத்த சேலை, இனி என்ன போகப்போகிறது!

40 பையில் 26 முடிந்தது. முந்தானையில் மட்டும் கத்தரி வைக்கக் கூடாது என்றுவிட்டார் அம்மா.