ஸ்பைரோமெட்ரி இயல்பு, ஃபீனோ 46: எதை நம்புவது?

கேள்வி:
என் மகனுக்கு 10 வயது. தூசியோ பூனை முடியோ பட்டால் தும்மலில் தொடங்கி, இரவில் இளைப்பில் கொண்டுபோய் விடும். சென்ற வாரம் எடுத்த ஸ்பைரோமெட்ரியில் (பலமாக ஊதச் சொல்லி மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் சோதனை) எல்லா அளவுகளும் இயல்பாகவே இருந்தன. ஆனால் அதற்கு முன் சிறு கருவி ஒன்றில் மெதுவாக ஊதச் சொல்லி, வெளிமூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அளக்கும் ஃபீனோ சோதனையில் 46 பிபிபி வந்ததால், தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கும்படி மருத்துவர் கூறியுள்ளார். மூச்சு தடையின்றிப் போய்வரும்போது, ஒரு வாயுவின் அளவை வைத்து அழற்சி உண்டென்று எப்படிக் கூற இயலும்?

மறுமொழி (உயிர்வேதியியல் ஆசிரியர்):
ஸ்பைரோமெட்ரி, மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்பதைத்தான் காட்டும். உட்சுவர் அழன்றிருக்கிறதா என்பது அதில் தெரியாது. ஒவ்வாமை ஆஸ்துமாவில் நோயெதிர்ப்புச் செல்களின் சமிக்ஞைப் புரதங்களான இன்டர்லூக்கின் 4, 13 ஆகியவை உட்சுவரின் செல்களைத் தூண்ட, நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதி அங்கே பெருகி, அந்த வாயு வெளிமூச்சோடு கலந்து வருகிறது. மனிதர் விடும் மூச்சில் இவ்வாயு இருப்பதை 1991இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆஸ்துமா உள்ளவர்களிடம் அது மிகுந்திருப்பதும் 1993இல் அங்கிருந்தே வெளிவந்தது. ஆகவே இளைப்பில்லாத நாளிலும் எண் உயர்ந்திருக்கலாம். அதே சமயம், எல்லா ஆஸ்துமாவும் இவ்வகை அழற்சியால் வருவதில்லை என்பதால், எண் குறைந்திருந்தால் ஆஸ்துமா இல்லை என்றும் ஆகிவிடாது.

மறுமொழி (நுரையீரல் சோதனைப் பிரிவில் பணிபுரிபவர்):
46 பிபிபி என்றால் நூறு கோடிப் பங்கு மூச்சில் 46 பங்கு. அமெரிக்க மார்பு நோயியல் சங்கத்தின் 2011 வழிகாட்டுதல், பிள்ளைகளுக்கு 35க்கு மேலும் பெரியவர்களுக்கு 50க்கு மேலும் இருப்பதை உயர்வு என்கிறது. ஆனால் ஊதிய விதத்தையும் பார்க்க வேண்டும். நொடிக்கு 50 மில்லிலிட்டர் என்ற சீரான வேகத்தில் ஊத வேண்டும். வேகம் கூடினால் எண் இறங்கும், குறைந்தால் ஏறும். மூக்கிலும் சைனஸிலும் இவ்வாயு பல மடங்கு அதிகம் என்பதால், ஊதும்போது கருவி சற்றே எதிர்த்து அழுத்தும். அதனால் வாயின் மேற்புறப் பின்பகுதியான மென்அண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைத்துவிடும். பிள்ளைகள் முதல் தடவை பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல் ஊதித் தள்ளிவிடுவார்கள்; அதைக் கணக்கில் கொள்ள மாட்டோம். பலமாக ஊதுவது எண்ணைக் குறைத்துவிடும் என்பதால்தான் ஸ்பைரோமெட்ரிக்கு முன்பே இதை எடுக்கிறோம். அன்று என்ன சாப்பிட்டான்?

கேட்டவர்:
இரண்டு மணி நேரத்துக்கு முன் சோறும் பீட்ரூட் பொரியலும் சாப்பிட்டான். அது ஒரு காரணமாகுமா?

மறுமொழி (நுரையீரல் சோதனைப் பிரிவில் பணிபுரிபவர்):
ஆகலாம். பீட்ரூட்டிலும் கீரையிலும் நைட்ரேட் மிகுதி. அதை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்ற, அதிலிருந்தும் இந்த வாயு உண்டாகி எண்ணைக் கூட்டும். ஆனால் தூசி பட்டாலே தும்மலும் இரவில் இளைப்பும் வருகிற பிள்ளைக்கு, அந்தப் பொரியலை மட்டும் காரணமாக்கி இன்ஹேலரை ஒத்திவைப்பது சரியன்று. உணவு விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை அவ்வகை உணவுகளைத் தவிர்த்து, அதே கருவியில் எடுங்கள்; மருந்தை ஒழுங்காக எடுத்தும் எண் இறங்கவில்லை என்றால், அவன் இன்ஹேலரை இழுக்கும் முறையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.