வெல்டிங் புகையும் புற்றுநோயும்: மொத்த இறப்பு விகிதம் குறைவாகத் தெரிவது ஏன்?

கேள்வி:
துருப்பிடிக்காத எஃகை வெல்டிங் செய்யும் வேலையில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தப் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறார்கள். ஆனால் உலோக ஆலைத் தொழிலாளர்களின் மொத்த இறப்பு விகிதம் பொதுமக்களுடையதைவிடக் குறைவு என்று சில ஆய்வுகளில் படித்தேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

பதில் 1:
இருக்க முடியும். கடின உழைப்புக்கு உடல்நலம் உள்ளவர்களையே எடுக்கிறார்கள், நோயுற்றவர்கள் இடையில் விலகிவிடுகிறார்கள். பொதுமக்கள் கணக்கிலோ படுத்த படுக்கையாக இருப்பவர்களும் சேர்கிறார்கள். அதனால் இதய நோய் போன்றவற்றால் நேரும் இறப்புகள் குறைவாகத் தெரிந்து, புற்றுநோயால் கூடும் இறப்புகளை மொத்த எண்ணிக்கை மறைத்துவிடுகிறது. மேலும், புகையைச் சுவாசிக்கத் தொடங்கியதற்கும் கட்டி தெரியவருவதற்கும் இடையே 20, 30 ஆண்டுகள்கூடக் கழியலாம் என்பதால், சில ஆண்டுகளே கண்காணித்த ஆய்வுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பதில் 2:
பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை அடங்கிய முதல் தொகுதியில் சேர்த்தது. இரும்பு, எஃகு வார்ப்பு வேலை அதற்கு முன்பே அங்கு இருந்தது. உங்கள் எஃகில் குரோமியம் இருப்பதால் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் (அந்த உலோகத்தின், புற்றுநோய் உண்டாக்கும் வடிவம்) கலந்து வரும். கறுப்புக் கண்ணாடிக் கவசம் கண்ணைத்தான் காக்கும்; புகை அதன் அடிவிளிம்பு வழியாக மேலேறி மூக்கை எட்டிவிடும். புகையுறிஞ்சியின் வாயைப் பற்றவைக்கும் இடத்தை ஒட்டி வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. எங்கள் பட்டறையில் உறிஞ்சி கூரையில்தான் இருக்கிறது. புகை என் முகத்தைக் கடந்தே அங்கு போகிறது.